புற்றுநோய் மரபணுத் தரவும் மெஷின் லேர்னிங்கும்: எதை முதலில் செய்வது, எதை எப்போது தொடுவது

தஞ்சாவூர், திருவாரூர், திருச்சி வட்டாரக் கல்லூரிகளில் உயிர்தகவலியலோ புள்ளியியலோ முதுகலை படிப்பவர்கள் புராஜெக்ட்டுக்குப் புற்றுநோய்த் தரவை எடுத்துக்கொண்டு வருவது இப்போது சாதாரணம். அவர்களுடன் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அல்காரிதத்தில் தடுக்கி விழுபவர்கள் குறைவு, வேலையின் வரிசையில் தடுக்கி விழுபவர்கள்தான் அதிகம். கடைசியில் தொட வேண்டியதை முதலில் தொட்டுவிட்டால், அதற்குப் பிறகு எவ்வளவு கவனமாக வேலை செய்தாலும் வரும் விடையை நம்ப முடியாது.

அதனால் இந்த வழிகாட்டியும் அந்த வரிசைப்படியே போகிறது. எடுத்துக்காட்டு முழுக்க வாய்ப் புற்றுநோய். வெற்றிலை விளையும் ஊர்களில் வாழும் நமக்கு இது தூரத்து நோய் இல்லை. வெற்றிலை பாக்கு மெல்லுவது, புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எட்டு ஜிபி ராம் உள்ள லேப்டாப் போதும். இதை முதலிலேயே சொல்லக் காரணம், பலர் கணினி போதாது என்று பயந்து தொடங்காமலே இருக்கிறார்கள். அறுபதாயிரம் மரபணு (புரதம் உண்டாக்காதவையும் சேர்த்து), ஐந்நூற்றுச் சொச்சம் மாதிரி கொண்ட அட்டவணை நினைவகத்தில் முந்நூறு எம்பிக்குள் அடங்கிவிடும். மரபணு எழுத்துகளைப் படிக்கும் சீக்வென்சர் கருவி கொடுத்த மூலக் கோப்புகளிலிருந்து தொடங்கினால்தான் பெரிய சர்வர் வேண்டும். முதல் ஆய்வுக்கு அங்கே போக வேண்டாம். ஒவ்வொரு மரபணுவிலிருந்தும் எவ்வளவு ஆர்என்ஏ வந்தது (இதுதான் மரபணு வெளிப்பாடு) என்று எண்ணி முடித்த கோப்புகளே பொதுவில் கிடைக்கின்றன.

மென்பொருளில் ஆர் என்ற புள்ளியியல் மொழி, அதனுடன் மரபணுத் தரவுக்கான பயோகண்டக்டர் தொகுப்பு. பைத்தானும் சரிதான். ஆனால் எண்ணிக்கைத் தரவுக்கான புள்ளியியல் கருவிகள் ஆரில் நன்கு முதிர்ந்தவை. முதல் நாளே ஆர்என்வி என்ற பேக்கேஜைக் கொண்டு எல்லாப் பேக்கேஜ்களின் பதிப்பையும் பூட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) யாராவது கேட்கும்போது அதே எண் மறுபடியும் வர வேண்டும்.

புள்ளியியலில் ரிக்ரெஷன், பி-மதிப்பு, காலப்போக்கில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும் கப்ளான்-மையர் வரைபடம் ஆகிய மூன்றும் புரிந்திருக்க வேண்டும். உயிரியலில் ஆர்என்ஏ எண்ணிக்கை எதைச் சொல்கிறது, கட்டித் திசுவுக்குள் புற்றுச் செல் தவிர வேறு என்னென்ன இருக்கும் என்பது தெரிந்தால் போதும்.

தரவை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஜிடிசி என்ற தரவுத் தளத்திலிருந்து எடுங்கள். அங்கே டிசிஜிஏ என்ற திட்டத்தின் 33 வகைப் புற்றுநோய்த் தரவு இருக்கிறது. மரபணு எண்ணிக்கைக் கோப்புகளும், நோயாளியின் பிறவி மரபணு விவரம் நீக்கப்பட்ட மியூட்டேஷன் (மரபணு எழுத்து மாற்றம்) கோப்புகளும் யாருக்கும் திறந்தவை. மூல சீக்வென்ஸ் கோப்புகளுக்குத் தனி அனுமதி வேண்டும். நமக்கு அவை வேண்டாம்.

மாதிரி ஒன்றுக்குச் சில எம்பி அளவில் நூற்றுக்கணக்கான கோப்புகள் இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் மின்சாரமும் நெட்டும் வந்து வந்து போகும்போது பாதி இறங்கிய கோப்புகள் சத்தமில்லாமல் தங்கிவிடும். ஜிடிசி தரும் மேனிஃபெஸ்ட் என்ற பட்டியல் கோப்பில் ஒவ்வொன்றுக்கும் எம்டி5 என்ற சரிபார்ப்புக் குறியீடு இருக்கிறது. இறக்கி முடித்ததும் அதை வைத்து ஒப்பிடுங்கள். இந்த ஒரு கட்டளையைத் தவறவிட்டால் மூன்று வாரம் கழித்து அட்டவணையில் ஒரு நோயாளிக்குப் பாதி மரபணுக்கள் காணாமல் போயிருக்கும்.

உள்ளூர் மருத்துவமனையில் தெரிந்தவர் இருக்கிறார், பத்து நோயாளிகளின் ரிப்போர்ட் வாங்கித் தருவார் என்று சிலர் சொல்வதுண்டு. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் நோயாளியின் எழுத்துபூர்வச் சம்மதமும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். மரபணுத் தரவில் பெயரை அழித்துவிட்டால் ஆளை மறைத்ததாகாது. அவருடைய பிள்ளைகளின் விவரமும் அதற்குள் இருக்கிறது.

2. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

கணினியைத் திறக்கும் முன் நோட்டில் எழுத வேண்டியது இது. யாரிடம், எதை, எப்போது தெரிந்த விவரத்தை வைத்து, எதைவிட மேலாகக் கணிக்கப் போகிறீர்கள்?

நம் எடுத்துக்காட்டில்: “வாய்க்குழிப் புற்றுநோய் உள்ளவர்களில், நோய் கண்டறிந்தபோது எடுத்த கட்டியின் மரபணு வெளிப்பாடு, வயதும் நோய் நிலையும் ஏற்கெனவே சொல்வதற்கு மேலாக, அவர்களின் உயிர்வாழ்வு பற்றி ஏதாவது சொல்கிறதா?”

‘ஏற்கெனவே சொல்வதற்கு மேலாக’ என்ற பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நான்காம் நிலை நோயாளிக்கு ஆபத்து அதிகம் என்று மருத்துவருக்குத் தெரியும். மரபணுவை வைத்து அதையே கண்டுபிடித்தால் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை.

பலர் எடுக்கும் முதல் கேள்வி, கட்டியா சாதாரணத் திசுவா என்று பிரிப்பது. இதைத் தவிர்க்கச் சொல்வேன். இரண்டுக்கும் வெளிப்பாட்டில் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது, எந்த மாடலும் பிரித்துவிடும். அதோடு, டிசிஜிஏவின் தலை-கழுத்துப் புற்றுநோய்த் தரவில் சுமார் 520 கட்டி மாதிரிகளுக்கு 44 சாதாரணத் திசு மாதிரிகள்தான். எதையும் பார்க்காமல் எல்லாமே கட்டி என்று சொல்லும் மாடலுக்கே 92 சதவீதத் துல்லியம் வந்துவிடும். பயாப்சியைப் பார்த்தே நோயியல் மருத்துவர் சொல்லிவிடும் விஷயத்துக்கு இருபதாயிரம் மரபணு தேவையில்லை.

3. யார் உள்ளே, யார் வெளியே

தலை-கழுத்துத் தொகுப்பு ஒரே நோய் இல்லை. வாய்க்குழி, தொண்டை, குரல்வளை எல்லாம் அதில் கலந்திருக்கிறது. தொண்டைப் பகுதிப் புற்றுநோய்களில் ஒரு பகுதி எச்பிவி வைரஸால் வருவது. அவற்றின் மரபணு அமைப்பும் வேறு, நோயாளிகள் பிழைக்கும் வாய்ப்பும் அதிகம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் மாடல் எச்பிவி இருக்கிறதா இல்லையா என்பதைக் கற்றுக்கொள்ளும், நீங்கள் உயிர்வாழ்வைக் கணித்ததாக நினைத்துக்கொள்வீர்கள். எனவே உடல் பகுதி என்ற பத்தியைப் பார்த்து நாக்கு, கன்னத்தின் உட்புறம், ஈறு, வாய்த்தளம் போன்ற வாய்க்குழிப் பகுதிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பார்கோடு. டிசிஜிஏ மாதிரி ஒவ்வொன்றுக்கும் நீளமான ஒரு குறியீடு உண்டு. முதல் 12 எழுத்துகள் நோயாளி. 14, 15ஆம் எழுத்துகள் மாதிரி வகை: 01 என்றால் முதன்மைக் கட்டி, 06 என்றால் பரவிய கட்டி, 11 என்றால் பக்கத்துச் சாதாரணத் திசு. 6, 7ஆம் எழுத்துகள் திசு எந்த இடத்திலிருந்து வந்தது என்பதைச் சொல்லும். இது பின்னால் பெரிய உதவியாக இருக்கும்.

01 மட்டும் எடுங்கள். ஒரே நோயாளிக்கு இரண்டு மாதிரி இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், எதை வைப்பது என்ற விதியை முன்கூட்டியே எழுதுங்கள். எண்ண வேண்டியது எப்போதும் நோயாளிகளைத்தான். ஒற்றைச் செல் தரவில் இந்தத் தவறு இன்னும் பெரிதாகிறது. எட்டு நோயாளிகளின் நாற்பதாயிரம் செல்களை நாற்பதாயிரம் தனித்தனிச் சான்றுகளாக எண்ணினால் எல்லா மரபணுவும் முக்கியமானதாகத் தெரியும். உண்மையில் அங்கே இருப்பது எட்டுப் பேர்தான்.

உயிர்வாழ்வுப் பத்தியைக் கட்டும்போது இறந்தவர்களுக்கு இறந்த நாள் வரையிலான கணக்கு, உயிரோடு இருப்பவர்களுக்குக் கடைசியாகப் பார்த்த நாள் வரையிலான கணக்கு. இரண்டும் தனித்தனிப் பத்திகளில் இருக்கும். ஒன்றை மட்டும் எடுத்தால் பாதிப் பேர் விடுபடுவார்கள். டிசிஜிஏ மருத்துவ விவரங்களைச் சீர்செய்து 2018இல் சிடிஆர் என்ற அட்டவணை வெளியானது. எந்தப் புற்றுநோய்க்கு எந்த முடிவை அளவிடலாம் என்ற பரிந்துரையும் அதில் இருக்கிறது. சொந்தமாகக் கட்டிய பத்தியை அதனுடன் ஒப்பிடுங்கள்.

உயிரோடு இருப்பவர், இறந்தவர் என்று இரண்டாகப் பிரித்துச் சாதாரண வகைப்படுத்தலாக மாற்றாதீர்கள். எட்டு மாதம் மட்டும் பின்தொடரப்பட்டு உயிரோடு இருப்பவரும் எட்டு வருடம் உயிரோடு இருப்பவரும் ஒன்றாகிவிடுவார்கள். இப்படி முடிவு தெரியும் முன்பே பின்தொடர்வு நின்றுவிடுவதைச் சென்சாரிங் என்பார்கள். அதைக் கையாளத்தான் காக்ஸ் மாடல் என்ற உயிர்வாழ்வு ரிக்ரெஷன் இருக்கிறது.

4. இப்போதே பிரித்து வையுங்கள்

மரபணு அட்டவணையைத் திறந்து பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. நோயாளிப் பட்டியல் தயாரானதும் மாடல் கற்பதற்கான பயிற்சிக் குழு, கடைசியில் அதைச் சோதிப்பதற்கான சோதனைக் குழு என்று பிரித்து, சோதனைக் குழுவின் பெயர்களைத் தனிக் கோப்பில் எழுதி, கோப்பின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் மென்பொருளில் கமிட் செய்துவிடுங்கள். கடைசி வரை அதைத் திறக்கக் கூடாது.

பிரித்தலைப் பின்னால் செய்தால் என்ன கெட்டுவிடும்? ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள், பத்து நிமிட வேலை. 50 பேர், 5000 பத்திகள், எல்லாமே கணினி கொடுத்த தற்செயல் எண்கள். பாதிப் பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு ‘நோய்’ என்று பெயர் கொடுங்கள். இந்தத் தரவில் கண்டுபிடிக்க எதுவுமே இல்லை. இப்போது 50 பேரையும் வைத்து, ‘நோயோடு’ அதிகம் ஒத்துப்போகும் 100 பத்திகளைத் தேர்ந்தெடுங்கள். அந்த 100ஐ வைத்து மாடல் கட்டி, முறைப்படி கிராஸ் வேலிடேஷனும் (ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து பேரை ஒதுக்கி வைத்து, மற்றவர்களை வைத்துக் கற்று, ஒதுக்கியவர்களிடம் சோதிப்பது) செய்யுங்கள். பிழை 3 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். உண்மையான பிழை 50 சதவீதம்.

கிராஸ் வேலிடேஷன் செய்தும் ஏன் ஏமாறுகிறோம்? பத்திகளைத் தேர்ந்தெடுத்தபோதே எல்லோருடைய விடையையும் பார்த்தாகிவிட்டது. பிறகு ஒதுக்கி வைத்த ஐந்து பேர் உண்மையில் ஒதுக்கப்பட்டவர்களாக இல்லை. மரபணு ஆய்வில் இந்தத் தவறு 2002 வாக்கிலேயே எழுதிக் காட்டப்பட்டது. இன்றும் புராஜெக்ட் அறிக்கைகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்: முதலில் முழுத் தரவிலும் வித்தியாசப்படும் மரபணுக்களைக் கண்டுபிடிப்பது, பிறகு அவற்றை மட்டும் வைத்து ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற மாடல், 97 சதவீதத் துல்லியம். அந்த எண்ணைப் பார்த்ததும் சந்தோஷப்படாமல், தேர்வு எங்கே நடந்தது என்று முதலில் கேளுங்கள்.

விதி எளிது. நோயாளியின் முடிவைப் பார்த்துச் செய்யும் எந்தத் தேர்வும் பயிற்சிக் குழுவுக்குள்ளேயே, கிராஸ் வேலிடேஷனின் ஒவ்வொரு சுற்றுக்குள்ளேயே நடக்க வேண்டும். முடிவைப் பார்க்காத வேலைகளுக்கும், மரபணுக்களின் சராசரி கழிப்பது, காணாமல் போன மதிப்பை நிரப்புவது போன்றவற்றுக்கும், அளவுகளைப் பயிற்சிக் குழுவில் கணக்கிட்டு அதே அளவுகளைச் சோதனைக் குழுவின் மீது பயன்படுத்துங்கள்.

பிரிக்கும் முறையில் ஒரு நுணுக்கம். குலுக்கல் முறையில் பிரித்தால் ஒரே மருத்துவமனையின் நோயாளிகள் இரண்டு பக்கமும் வருவார்கள், அந்த மருத்துவமனையின் கைப்பக்குவம் விடையைக் காட்டிக்கொடுக்கும். முடிந்தால் பார்கோடில் உள்ள இடக் குறியீட்டை வைத்து, சில இடங்களை முழுக்கச் சோதனைக்கு ஒதுக்குங்கள். எண் குறைந்துதான் வரும். ஆனால் இன்னொரு ஊரில் மாடல் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அதுவே பக்கத்தில் உள்ள மதிப்பீடு.

5. எண்ணிக்கை அட்டவணையைச் சீர்செய்வது

ஜிடிசி கோப்பில் பல பத்திகள் இருக்கும். முதலில் வேண்டியது இழைத்திசை (ஆர்என்ஏ டிஎன்ஏவின் எந்த இழையிலிருந்து வந்தது என்பது) பிரிக்காத மூல எண்ணிக்கை. மரபணு நீளத்தாலும் மொத்தத்தாலும் வகுத்த டிபிஎம், எஃப்பிகேஎம் என்ற பத்திகளை, வித்தியாசப்படும் மரபணுக்களைத் தேடும் டெசெக்2, எட்ஜ்ஆர் போன்ற கருவிகளுக்குக் கொடுக்கக் கூடாது. அவை முழு எண்களின் ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகின்றன. ஏற்கெனவே வகுக்கப்பட்ட எண்ணைக் கொடுத்தால் பிழை அளவு முழுவதும் தவறாகும்.

கோப்பின் தலைப்பில் வரும் நான்கு வரிகள் மரபணு இல்லை. எங்கும் பொருந்தாதவை, பல இடத்தில் பொருந்தியவை என்ற சுருக்கக் கணக்கு அவை. நீக்குங்கள். நீக்காமல் போனால் அவைதான் உங்கள் அட்டவணையிலேயே மிகப் பெரிய ‘மரபணு’க்களாக நிற்கும்.

மரபணு அடையாளமாக என்செம்பிள் என்ற தரவுத்தளம் தரும் எண்ணையே கடைசி வரை வைத்திருங்கள். புள்ளிக்குப் பின் வரும் பதிப்பு எண்ணை வெட்டும்போது சில எண்கள் இரட்டிக்கும், எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் இரண்டுக்கும் பொதுவான பகுதியின் மரபணுக்கள் இரண்டு முறை வருவதால். அந்த ஒய் பிரதிகளை நீக்கிவிட்டு வெட்டுங்கள். பெயராக மாற்றுவது கடைசியில், படம் வரையும்போது.

எக்செல்லில் திறக்காதீர்கள். செப்டின் குடும்பத்து மரபணுக்களின் பழைய பெயரை எக்செல் செப்டம்பர் மாதத் தேதியாக மாற்றிவிடும். 2016இல் எக்செல் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளை ஆராய்ந்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் 2020இல் மரபணுப் பெயர்களையே மாற்றினார்கள். இதைவிடப் பெரிய ஆபத்து வரிசை நகர்வது. அமெரிக்காவில் கீமோதெரபி மருந்து யாருக்கு வேலை செய்யும் என்று கணித்ததாகச் சொன்ன ஆய்வுகளைப் பேகர்லி, கூம்ப்ஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் மீண்டும் செய்து பார்த்து 2009இல் எழுதினார்கள். மரபணுப் பட்டியல் ஒரு வரி கீழே நகர்ந்திருந்தது. மருந்துக்குக் கட்டுப்படுபவர், கட்டுப்படாதவர் என்ற பெயர்களும் சில இடங்களில் தலைகீழாக இருந்தன. அதற்குள் அந்தக் கணிப்பை நம்பி நோயாளிகளிடம் மருத்துவப் பரிசோதனைகள் நடந்துகொண்டிருந்தன. ஒரு வரி நகர்ந்தால் அதன் விலையை யார் கொடுப்பது என்பதை நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு இணைப்புக்குப் பிறகும் நோயாளி வரிசை இரண்டு அட்டவணையிலும் ஒன்றுதானா என்று சோதிக்கும் ஒரு வரியைப் புரோகிராமில் எழுதுங்கள். ஒன்றில்லை என்றால் புரோகிராம் அங்கேயே நிற்க வேண்டும்.

ஏறக்குறைய எல்லோரிடமும் பூஜ்ஜியமாக இருக்கும் மரபணுக்களை நீக்குங்கள். இதற்கு முடிவைப் பார்க்கத் தேவையில்லை. மாடலுக்குக் கொடுக்க, மாதிரியின் மொத்தத்தில் பத்து லட்சத்துக்கு எத்தனை என்று கணக்கிட்டு மடக்கை எடுத்த எண் எளிய தேர்வு. அதன் அடிப்படை வடிவத்தில் ஒவ்வொரு மாதிரியும் தன் மொத்தத்தால் மட்டுமே வகுக்கப்படுகிறது, அதனால் சோதனைக் குழுவின் விவரம் பயிற்சிக்குள் கசியாது.

6. படம் வரைந்து பார்க்காமல் மேலே போகாதீர்கள்

பயிற்சிக் குழுவில் பிசிஏ (பல்லாயிரம் மரபணுக்களைச் சில அச்சுகளாகச் சுருக்கும் முறை) செய்து முதல் இரண்டு அச்சுகளில் புள்ளிகளை வரையுங்கள். ஒரே படத்துக்கு வெவ்வேறு முறை வண்ணம் கொடுங்கள்: நோய் நிலை, பாலினம், திசு வந்த இடம், சீக்வென்சிங் தட்டு. எந்த வண்ணம் கொடுக்கும்போது கூட்டம் கூட்டமாகப் பிரிகிறது என்று பாருங்கள். தட்டு எண்ணுக்குப் பிரிந்தால் அது பேட்ச் விளைவு, அதாவது நோயால் அல்லாமல் மாதிரிகளைத் தனித்தனித் தொகுதிகளாகக் கையாண்டதால் வந்த வித்தியாசம்.

நெல் ரகச் சோதனை போட்டவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு ரகத்தைத் தலைமடையிலும் இன்னொன்றைக் கடைமடையிலும் நட்டுவிட்டு விளைச்சலை ஒப்பிட்டால், வித்தியாசம் ரகத்தாலா தண்ணீராலா என்று எந்தக் கணக்குப் போட்டும் பிரிக்க முடியாது. இரண்டு ரகமும் இரண்டு இடத்திலும் கொஞ்சமாவது நடப்பட்டிருந்தால் பிரிக்கலாம். பேட்ச் விளைவும் அப்படியே. நான்காம் நிலை நோயாளிகள் எல்லோரும் ஒரே மருத்துவமனையிலிருந்து வந்திருந்தால் காம்பேட் போன்ற திருத்தும் கருவிகள் உதவாது. பேட்ச்சை நீக்கும்போது நோயின் அடையாளத்தையும் சேர்த்து நீக்கிவிடும். கலந்திருந்தால் பேட்ச்சை மாடலில் ஒரு மாறியாகச் சேர்ப்பதே நல்லது. தரவையே திருத்தி, பிறகு திருத்தியதை மறந்துவிட்டுக் கணக்குப் போட்டால் பி-மதிப்புகள் தேவைக்கு மேல் சிறிதாகும்.

அதே படத்தில் பாலினத் தவறையும் பிடிக்கலாம். பெண்களில் இயங்கும் எக்ஸ்ஐஎஸ்டி மரபணுவையும் ஒய் குரோமோசோம் மரபணுக்களையும் ஒப்பிட்டு, பதிவில் உள்ள பாலினத்தோடு பொருந்தாத மாதிரிகளைத் தனியே எடுத்து வையுங்கள். ஆண்களின் கட்டியில் ஒய் குரோமோசோம் தொலைந்துபோவதும் உண்டு. அதனால் ஒய் மரபணு அமைதியாக இருப்பதை மட்டும் வைத்து மாதிரி மாறிவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள்.

7. மரபணு மரபணுவாகப் பார்ப்பது

மாடலுக்குப் போகும் முன், பயிற்சிக் குழுவில் மட்டும், ஒவ்வொரு மரபணுவும் நோய் நிலையோடு எப்படி மாறுகிறது என்று பார்ப்பது தரவைப் பழகிக்கொள்ள உதவும். டெசெக்2, எட்ஜ்ஆர் இரண்டும் நெகடிவ் பைனாமியல் பரவலைப் பயன்படுத்துகின்றன. சராசரியும் வேரியன்ஸும் சமம் என்று கொள்ளும் பாய்சான் பரவல் போதாது. ஒரே நிலையில் உள்ள இரண்டு நோயாளிகளுக்கு இடையிலேயே எண்ணிக்கை மிகவும் மாறும்.

இருபதாயிரம் மரபணுக்களைச் சோதித்து 0.05க்குக் கீழே உள்ளதை எடுத்தால், எந்த விளைவும் இல்லாத தரவிலேயே சுமார் ஆயிரம் மரபணுக்கள் வந்து நிற்கும். எனவே பெஞ்சமினி-ஹாக்பெர்க் முறையில் திருத்திய மதிப்பை மட்டும் பாருங்கள். அது 0.05 என்றால், உங்கள் பட்டியலில் இருப்பவற்றில் சராசரியாக இருபதில் ஒன்று பொய் என்று பொருள். பட்டியலில் உள்ள ஒரு குறிப்பிட்ட மரபணு 95 சதவீதம் உறுதி என்று பொருள் இல்லை. வைவாவில் இந்த இடத்தில்தான் பலர் சிக்குகிறார்கள்.

8. மாடல்

முதலில் மரபணு இல்லாத மாடல். வயது, பாலினம், நிலை மட்டும் கொண்ட காக்ஸ் மாடலைப் பொருத்தி அதன் சி-இண்டெக்ஸை (யார் முந்தி இறப்பார் என்ற வரிசையை மாடல் எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்ற அளவு) எழுதி வையுங்கள். 0.5 என்றால் நாணயம் சுண்டியது மாதிரி, 1 என்றால் முழுமை. இனி வரும் எல்லாமே இந்த எண்ணோடுதான் ஒப்பிடப்படும்.

அப்புறம் எத்தனை மாறி தாங்கும் என்று கணக்கிடுங்கள். உயிர்வாழ்வு ஆய்வில் பலம் வருவது நோயாளி எண்ணிக்கையிலிருந்து அல்ல, நிகழ்ந்த இறப்புகளின் எண்ணிக்கையிலிருந்து. பழைய கைவிதி ஒரு மாறிக்குப் பத்து நிகழ்வு. பயிற்சிக் குழுவில் 90 இறப்பு இருந்தால் சாதாரண காக்ஸ் மாடலில் ஒன்பது மாறிகளுக்கு மேல் போடுவது ஆபத்து. நம்மிடமோ பல்லாயிரம் மரபணு.

அதனால்தான் குணகங்களை, அதாவது மாடல் ஒவ்வொரு மரபணுவுக்கும் தரும் எடைகளை, பூஜ்ஜியத்தை நோக்கிச் சுருக்கும் முறைகள் வேண்டும். ஜிஎல்எம்நெட் பேக்கேஜில் எலாஸ்டிக் நெட் காக்ஸ் நல்ல தொடக்கம். வெறும் லாசோ என்ற சுருக்கும் முறை, ஒன்றாக ஏறி இறங்கும் மரபணுக் கூட்டத்திலிருந்து ஏதோ ஒன்றைத் தற்செயலாக எடுத்து மற்றதைத் தூக்கி எறியும். எலாஸ்டிக் நெட் கூட்டத்தைச் சேர்த்தே வைத்துக்கொள்ள முயலும். வயதுக்கும் நிலைக்கும் தண்டனை எடையை (சுருக்கும் அளவை) பூஜ்ஜியமாக வையுங்கள். அப்போதுதான் மரபணுக்கள் ‘மேலாக’ என்ன சொல்கின்றன என்பது வெளியே வரும்.

சுருக்கும் அளவைத் தேர்ந்தெடுக்க உள்ளே ஒரு கிராஸ் வேலிடேஷன், திறனை மதிப்பிட வெளியே இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் பல அளவுகளில் அதிர்ஷ்டம் அடித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதே எண்ணைத் திறன் என்று சொல்வதாகிவிடும்.

டீப் லேர்னிங் வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முந்நூறு நோயாளிகளின் அட்டவணைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. நோயியல் ஸ்லைடு படங்களில் அதற்கு உண்மையான வேலை இருக்கிறது. இங்கே எளிய மாடலை முறையாகச் செய்தவர்கள்தான் விளக்கக்கூடிய விடையோடு வெளியே வருகிறார்கள்.

கடைசியில் மாடல் கொடுத்த மதிப்பெண்ணை வைத்து நோயாளிகளை அதிக ஆபத்து, குறைந்த ஆபத்து என்று பிரித்துக் கப்ளான்-மையர் வரைவது வழக்கம். வெட்டும் புள்ளியைப் பயிற்சிக் குழுவின் நடு மதிப்பில் முன்கூட்டியே நிறுத்துங்கள். எந்தப் புள்ளியில் பி-மதிப்பு மிகச் சிறிதாகிறதோ அதைத் தேடிப் பிடிக்கும் வசதி பல கருவிகளில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் பொய்யான கண்டுபிடிப்பின் வாய்ப்பு 5 சதவீதத்தில் நிற்காது, பல மடங்கு ஏறும்.

9. உங்கள் விடையை நீங்களே உடைக்கப் பாருங்கள்

சோதனைக் குழுவைத் திறக்கும் முன் இரண்டு சோதனைகள்.

முதலாவது, நோயாளிகளின் முடிவைக் குலுக்கிக் கலைத்துவிட்டு, தேர்வு முதல் மாடல் வரை முழுப் புரோகிராமையும் மறுபடி ஓட்டுங்கள். சி-இண்டெக்ஸ் 0.5ஐச் சுற்றி வர வேண்டும். 0.65 வந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. இதைப் பல முறை செய்து பரவலைப் பாருங்கள். கசிவைக் கண்டுபிடிக்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, உங்கள் பட்டியலில் 30 மரபணு இருந்தால், தற்செயலாக எடுத்த 30 மரபணுக்கள் கொண்ட ஆயிரம் பட்டியல்களை உருவாக்கி, அவை எவ்வளவு நன்றாகக் கணிக்கின்றன என்று பாருங்கள். 2011இல் மார்பகப் புற்றுநோய்த் தரவில் இதைச் செய்து பார்த்தபோது, தற்செயல் பட்டியல்களில் பெரும்பாலானவை உயிர்வாழ்வோடு தொடர்பு காட்டின. செல் பெருகும் வேகம் அந்தத் தரவில் ஏராளமான மரபணுக்களில் பதிந்திருக்கிறது, எதை எடுத்தாலும் அது கூடவே வருகிறது. எனவே பி-மதிப்பு சிறிது என்பது போதாது, தற்செயல் பட்டியல்களைவிட மேலாக இருக்க வேண்டும்.

இதனுடன், நோயாளிகளை பூட்ஸ்ட்ராப் முறையில் (ஒருவரே பல முறை வரலாம் என்ற குலுக்கலில்) மறுபடி மறுபடி எடுத்து, ஒவ்வொரு முறையும் எந்த மரபணுக்கள் தேர்வாகின்றன என்று எண்ணுங்கள். பட்டியல் பெரிதும் மாறும், மனம் தளர வேண்டாம். சில நூறு நோயாளிகளை வைத்து நிலையான பட்டியல் கிடைக்காது. அடிக்கடி வருபவற்றை மட்டும் விவாதியுங்கள். அவை நோய் எதிர்ப்புச் செல்களின் மரபணுக்களாக இருந்தால், உங்கள் மாடல் அளப்பது புற்றுச் செல்லையா அல்லது கட்டிக்குள் நுழைந்த வெள்ளணுக்களின் அளவையா என்ற கேள்வியை எழுதுங்கள்.

10. மியூட்டேஷன் தரவைத் தொடுபவர்களுக்கு

இது தனி வேலை, சுருக்கமாகச் சொல்கிறேன். எத்தனை நோயாளிகளில் மியூட்டேஷன் என்று எண்ணி வரிசைப்படுத்தினால் டிபி53 என்ற பெயர்பெற்ற புற்றுநோய் மரபணுவுக்குப் பக்கத்தில் டிடிஎன் வந்து நிற்கும். அது டைட்டின் என்ற தசைப் புரதத்தின் மரபணு. நம் உடலின் மிக நீளமான புரதம் அதுதான். நீளமாக இருப்பதால் தற்செயல் மியூட்டேஷன்கள் அதில் அதிகம் விழுகின்றன, புற்றுநோயை அது ஓட்டவில்லை. மணம் உணரும் ஏற்பிகளின் மரபணுக்களும் இதே போல ஏமாற்றும். அவை செல் பிரிவில் தாமதமாகப் பிரதி எடுக்கப்படும் பகுதிகளில் இருப்பதால் அங்கே மியூட்டேஷன் விகிதமே அதிகம். மியூட்சிக், டிஎன்டிஎஸ்சிவி போன்ற கருவிகள் இந்தப் பின்னணி விகிதத்தைக் கணக்கில் எடுக்கின்றன. வெறும் எண்ணிக்கையைப் படமாக வரைந்து முடிவு எழுதாதீர்கள்.

மியூட்டேஷன் கையொப்பம் (ஒரு காரணம் விட்டுச் செல்லும் எழுத்து மாற்றங்களின் தடம்) பார்ப்பதாக இருந்தால், மாறிய எழுத்தையும் அதன் இரு பக்க எழுத்துகளையும் சேர்த்து 96 வகை. என்எம்எஃப் என்ற முறை அதைப் பகுதிகளாகப் பிரிக்கும். எஸ்பிஎஸ்4 என்ற கையொப்பம் புகைபிடித்தலோடும், எஸ்பிஎஸ்29 புகையிலை மெல்லுவதோடும் தொடர்புபடுத்தப்பட்டவை. முப்பது நோயாளிகளின் எக்ஸோம் (புரதம் உண்டாக்கும் பகுதிகள் மட்டும்) தரவில் புதிதாகக் கையொப்பம் கண்டுபிடிக்க முயலாதீர்கள். காஸ்மிக் என்ற தரவுத்தளத்தில் ஏற்கெனவே உள்ளவற்றைப் பொருத்திப் பாருங்கள். மியூட்டேஷன்களின் ஆயத்தொலைகள் (இட எண்கள்) எந்த மரபணுத்தொகுதிப் பதிப்பைச் சேர்ந்தவை, 37ஆ 38ஆ, என்பதை முதல் வரியிலேயே சோதியுங்கள். கலந்துவிட்டால் பக்க எழுத்துகள் எல்லாமே தவறாக வரும், எந்த எச்சரிக்கையும் வராது.

11. சோதனைக் குழுவும் வெளித் தரவும்

எல்லாம் முடிந்து, புரோகிராமை இனி மாற்றுவதில்லை என்று ஆன பிறகு, சோதனைக் குழுவை ஒரே ஒரு முறை திறங்கள். வந்த எண்ணை அதன் நம்பக எல்லையோடு (கான்ஃபிடன்ஸ் இன்டர்வல்) எழுதுங்கள். பிடிக்கவில்லை என்று திரும்பிப் போய் மாடலை மாற்றினால் அந்த நிமிடமே அது பயிற்சித் தரவாகிவிடுகிறது.

அதன் பிறகு வேறொரு நாட்டில், வேறொரு கருவியில் எடுத்த தரவு. ஜியோ என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்தில் ஜிஎஸ்இ65858 என்ற தொகுப்பில் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து 270 தலை-கழுத்துப் புற்றுநோயாளிகள் இருக்கிறார்கள், உயிர்வாழ்வு விவரத்தோடு. வாய்க்குழிப் பகுதியை மட்டும் பிரித்தால் எண்ணிக்கை நன்றாகக் குறையும். அது மைக்ரோஅரே தரவு, ஆர்என்ஏவை எண்ணாமல் ஒளிர்வை வைத்து அளந்தது, எண்களின் அளவு வேறு. மாடலை மறுபடி பொருத்தாமல், மரபணு மதிப்புகளை மட்டும் அந்தத் தொகுப்புக்குள்ளேயே தரப்படுத்தி, பழைய குணகங்களால் பெருக்குங்கள். குணகத்தை மாற்றினால் அது புது மாடல், சரிபார்ப்பு ஆகாது.

இரண்டு தரவும் பெரும்பாலும் மேற்கத்திய நோயாளிகளுடையது. நம் பக்கம் வாய்ப் புற்றுநோய் ஈறு-கன்ன மடிப்பில் அதிகம் வருகிறது, காரணம் மெல்லும் பழக்கம். அந்த வகைக்கென்றே பன்னாட்டுப் புற்றுநோய் மரபணுக் கூட்டமைப்பின் இந்தியக் குழு 2013இல் மியூட்டேஷன் வரைபடம் ஒன்றை வெளியிட்டது. அதைப் படித்து, உங்கள் மாடலில் வந்த மரபணுக்களும் அதில் வந்தவையும் எங்கே பொருந்துகின்றன, எங்கே விலகுகின்றன என்று ஒரு பக்கம் எழுதுங்கள். தஞ்சாவூரில் ஒரு நோயாளிக்கு இந்த மாடல் பொருந்துமா என்று தேர்வாளர் கேட்டால், இந்தத் தரவை வைத்து அதைச் சொல்ல முடியாது என்பதே சரியான பதில்.

12. அறிக்கையில் என்ன இருக்க வேண்டும்

எத்தனை நோயாளிகளில் தொடங்கி ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேரை ஏன் நீக்கினீர்கள் என்ற படம். இறப்புகளின் எண்ணிக்கை. மரபணு இல்லாத மாடலின் சி-இண்டெக்ஸும் மரபணு சேர்த்ததன் சி-இண்டெக்ஸும் ஒரே வரியில், பக்கத்துப் பக்கத்தில். குலுக்கல் சோதனையின் பரவல். பேக்கேஜ் பதிப்புகள், ரேண்டம் சீட் (அதே குலுக்கலை மறுபடி வரவைக்கும் எண்), தரவு வெளியீட்டு எண்.

மரபணு சேர்த்ததால் எதுவும் மேம்படவில்லை என்று வந்தால், அதை அப்படியே முதல் பக்கத்தில் எழுதுங்கள். 0.62 இருந்தது 0.63 ஆனது, நம்பக எல்லைகள் முழுக்க ஒன்றன் மேல் ஒன்று விழுகின்றன என்று எழுதிய அறிக்கையைக் கையில் வைத்திருக்கும் அடுத்த வருட மாணவர், அதே இடத்தில் தொடங்காமல் ஸ்லைடு படங்களையோ மெத்திலேஷன் (டிஎன்ஏ மீதான வேதிக் குறி) தரவையோ எடுத்துக்கொள்ளலாம்.